நாதஸ்வரத்துக்கு நடுவே வந்த விளம்பரம்

2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. வளர்பிறை தசமி. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டேன். மேல்தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்கும்வரை வாசலில் நின்றேன். கேட்டில் மாட்டியிருந்த பையிலிருந்து பால் பாக்கெட்டுகளை எடுத்துக் கழுவி உள்ளே வைத்தேன். ஞாயிறென்றால் வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரிக்குக் கொடுப்பேன், ஸ்கூட்டரைத் துடைப்பேன், டைரியில் விட்டுப்போனதை எழுதி முடிப்பேன். அன்று அவற்றில் எதையும் செய்யவில்லை. கள்ளிக்குப்பத்திலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்கிவிடும் என்பதால் பத்தரைக்கே வந்துவிடுவோம் என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மகளுக்கு இருபத்தேழு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன வருடம் இடது முழங்கையின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு தோன்றியது. முதலில் தேமல் என்று நினைத்தோம். பூந்தமல்லியில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டினோம். வெண்புள்ளி என்றார். ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது, பரவலாம், பரவாமலே நின்றும் போகலாம் என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் என் மனைவி, "வெண்குஷ்டம்னு சொல்லுவாங்களே, அதுதானே" என்று மெல்லக் கேட்டாள். ஆட்டோக்காரர் இருக்கிறார் என்று கண்ணைக் காட்டினேன். மகள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வரன் பார்க்கத் தொடங்கியபோது இதை எப்போது, யார் சொல்வது என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. நிச்சயத்துக்குப் பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்றாள் என் மனைவி. தரகரை விட்டுச் சொல்ல வைக்கலாம் என்றேன் நான். மகள் இரண்டையும் மறுத்துவிட்டாள்.

"தரகரும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். வர்றவர்கிட்ட நானே சொல்றேன். எப்படியும் ரெண்டு பேரையும் மாடிக்கு அனுப்பிப் பேசச் சொல்வீங்கல்ல, அங்க வெச்சு சொல்லிடறேன். கேட்டுட்டுப் போறேன்னா போகட்டும். ஆனா என் வாயால கேக்கட்டும்."

எனக்கு அது சரியென்று பட்டது. ஒப்புக்கொண்டேன். இவர்கள் வருவதற்கு முந்தின வாரம் முழுவதும் அவள் அதை எப்படிச் சொல்வது என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடும்போது பின்னால் உதடு அசைவது கண்ணாடியில் தெரியும்.

காலையில் ஹாலை ஒழுங்கு செய்தேன். சோபாவில் மூவர், எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் மற்றவர்கள், மாப்பிள்ளைக்கு மின்விசிறிக்கு நேர் கீழே இடம். அதன் பிறகு டிவியைப் போட்டேன். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்ததும் பேச்சு தொடங்கும்வரை ஒரு சங்கடமான அமைதி இருக்கும். அதைத் தவிர்க்க எங்கள் பக்கத்து வீடுகளிலெல்லாம் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. வீடியோ ஆப்பில் நாதஸ்வர மங்கல இசையைப் போட்டு மெல்லிய சத்தத்தில் ஓடவிடுவார்கள். கோபுரம், குளம், பூ என்று படம் மாறிக்கொண்டிருக்கும். நல்ல சகுனமாகவும் இருக்கும். நான் முந்தின நாளே நான்கைந்து கேட்டுப் பார்த்து, நடுவில் கெட்டிமேளம் வராத ஒன்றாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். பெண் பார்க்கும்போதே கெட்டிமேளம் கொட்டினால் அவசரப்படுகிறோம் என்று நினைப்பார்களே என்பது என் கவலை. ரிமோட் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று ஷோகேஸ் மேலே, பொம்மைக்குப் பின்னால் வைத்தேன்.

இந்த இடத்தில் அந்த டிவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையில் கேட்டில் போனை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாலையில் டோக்கனைக் கொடுத்து வாங்கிக்கொள்வேன். இத்தனை வருடமாக அப்படியே பழகிவிட்டதால் போன் என்றாலே நம்பக்கூடாத பொருள் என்று எனக்கு மனதில் பதிந்துவிட்டது. அது நம்மோடு வெளியே வருகிறது, நான்கு பேர் கைக்குப் போகிறது. டிவி அப்படியல்ல. சுவரில் திருகி மாட்டியிருக்கிறது. எங்கும் போகாது. ஆகவே மகளுக்கு இப்படி வந்ததும் நான் வீட்டில் ஒரு விதி போட்டேன். இதைப் பற்றி யாரும் போனில் தேட வேண்டாம். பார்க்க வேண்டியதை டிவியில் பாருங்கள்.

அதன்படியே செய்தோம். டிவிக்குப் பின்னால் செருகிய ஸ்டிக்கில் இணையம் வரும். ரிமோட்டில் மைக் பட்டனை அழுத்திப் பேசினால் தேடிக் கொடுக்கும். என் மனைவிக்குப் போனில் சின்ன எழுத்தைப் படிப்பது சிரமம் என்பதால் அது மிகவும் வசதியாகப் போயிற்று. மாலைகளில் கதவைச் சாத்திக்கொண்டு அலோபதி, சித்தா, ஹோமியோபதி என்று வரிசையாக டாக்டர்கள் பேசுவதைக் கேட்போம். சில சமயம் மகளும் வந்து உட்காருவாள். பாதியில் எழுந்து போய்விடுவாள்.

வந்தவர்கள் ஆறு பேர். மாப்பிள்ளை, அவருடைய அப்பா அம்மா, தாய்மாமன், அவர் மனைவி, தரகர். மாப்பிள்ளை பார்க்க அடக்கமாக இருந்தார். உட்காரும் முன் அப்பா உட்காரட்டும் என்று நின்றார். எனக்குப் பிடித்துவிட்டது. தாய்மாமன் அம்பத்தூரில் செல்போன் கடை வைத்திருப்பவர், கலகலப்பானவர். வெயிலைப் பற்றியும், ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதைப் பற்றியும் அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா நாதஸ்வரத்தைக் கவனித்து, நல்லா இருக்கே என்றார். அதைக் கேட்டு நான் என்ன மகிழ்ச்சி அடைந்தேன் என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மகள் காபித் தட்டோடு வந்தாள். முழங்கைக்குக் கீழ்வரை நீண்ட கைவைத்த ரவிக்கை. அவள் முதல் டம்ளரை மாப்பிள்ளையின் அப்பாவிடம் நீட்டும்போது நாதஸ்வரம் நின்றது. ஒரு பெண் குரல், இசையைவிட இரண்டு மடங்கு சத்தமாக, "உங்கள் தோலில் வெண்புள்ளிகள் தோன்றுகின்றனவா?" என்று கேட்டது. திரையில் ஒரு கை. கையில் வெள்ளைத் திட்டு. ஏதோ ஒரு சிகிச்சை மையத்தின் விளம்பரம்.

நான் எழுந்தேன். எழுந்தால் பதற்றம் தெரியும் என்று மறுபடி உட்கார்ந்தேன். ரிமோட் பொம்மைக்குப் பின்னால் இருந்தது. விளம்பரம் முடிந்து நாதஸ்வரம் வந்தது. விளம்பரம்தானே, எல்லார் வீட்டிலும் வருவதுதானே என்று வந்தவர்கள் விட்டிருப்பார்கள். தாய்மாமன்தான், அமைதியைப் போக்குகிற நல்ல எண்ணத்தோடு, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இந்த டிவிங்கோ எல்லாம் பெரிய கில்லாடி சார். ஊட்ல நம்ம இன்னா பாக்கறமோ அத்தயே மோப்பம் புட்ச்சிக்கினு வந்து காட்டும். எங்க ஊட்ல எப்ப போட்டாலும் வழுக்கைக்கு எண்ணெய். இன்னாத்துக்குன்னு என் தலயப் பார்த்தாலே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி, "எண்ணெய் வாங்கி வாங்கி ஊத்தனதுதான் மிச்சம், சட்டி மாதிரி மின்னுது" என்றார். மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாப்பிள்ளை முதல் முறையாக நிமிர்ந்து என் மகளைப் பார்த்தார். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நிமிடம் அந்த அறையில் எல்லாம் நன்றாகவே இருந்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் நாதஸ்வரம் மறுபடி நின்றது. அதே மையம், வேறு விளம்பரம். கல்யாணப் பட்டுப்புடவையில் ஒரு பெண், கண்ணாடி முன் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு முன்னால் தன் கையில் இருந்ததைப் பற்றிப் பேசினாள். இப்போது இல்லை என்று கையைத் திருப்பிக் காட்டினாள். மாதக் கணக்காக எங்கள் டிவியில் நாங்கள் பார்த்தது இரண்டே விஷயம். ஒன்று வெண்புள்ளி. இன்னொன்று, மண்டபம் எங்கே கிடைக்கும், நிச்சயத்துக்கு என்னென்ன சீர் வைப்பது என்பது. இரண்டையும் அது கூட்டிப் பார்த்திருந்தது.

தாய்மாமன் காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். தன் பேச்சு எங்கே போய் முட்டியது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா திரையைப் பார்த்தார், பிறகு என் மகளின் ரவிக்கைக் கையைப் பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. குரலில் குத்தல் ஒன்றும் இல்லை.

"யாருக்குங்க?" என்று கேட்டார்.

மகள் தட்டைக் கீழே வைத்தாள். பேசப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மாடியில் சொல்ல வைத்திருந்ததை இங்கேயே, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவாள். அவள் மூச்சை இழுப்பதைக்கூடப் பார்த்தேன். அவளுக்கு முன்னால் நான் பேசிவிட்டேன்.

"பக்கத்து வீட்டம்மாவுக்கு. அவங்க வீட்ல இன்டர்நெட் இல்ல. இங்க வந்துதான் பார்ப்பாங்க."

ஏன் சொன்னேன் என்று அதன்பின் பலமுறை யோசித்தாயிற்று. திட்டமிட்டு வந்த வார்த்தை அல்ல அது. மகள் என்னைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் காபி கொடுத்தாள். இனி அவள் உண்மையைச் சொன்னால் அவள் அப்பன் பொய்யன் ஆகிவிடுவான். அதை அவள் செய்ய மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று யாரும் சொல்லவில்லை. தரகர் ஒருமுறை தொண்டையைக் கனைத்து, மாடியில் காற்று நன்றாக வரும் என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தைப் பார்த்து, எமகண்டம் வருவதற்குள் கிளம்பிவிடுகிறோம் என்றார். கேசரியை ஒரு வாய் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். செருப்பு மாட்டும்போது தாய்மாமன் மட்டும் என் கையைப் பிடித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நான் பாட்டுக்கு எதுனா உளறிக்கினு இருப்பேன்" என்றார். பரவாயில்லை என்றேன்.

அவர்கள் போன பிறகு ரிமோட்டை எடுத்துக்கொண்டு டிவி முன் உட்கார்ந்தேன். அமைப்புகள் என்ற பகுதிக்குள் போனேன். அதற்குள் தனியுரிமை என்று ஒரு பகுதி, அதற்குள் நீளமான ஒப்பந்தம். ஸ்டிக்கை வாங்கிய தீபாவளி அன்று இதற்குத்தான் 'ஏற்கிறேன்' என்று அழுத்தியிருக்கிறேன். தொழிற்சாலையில் ஒரு பெட்டி ஆணி வந்தால்கூடப் பிரித்து எண்ணாமல் கையெழுத்துப் போடமாட்டேன். இங்கே படம் ஓட வேண்டும் என்ற அவசரத்தில் படிக்காமல் அழுத்தினேன். இப்போது முழுவதையும் படித்தேன். நாம் எதைப் பார்க்கிறோம், எவ்வளவு நேரம் பார்க்கிறோம், எதில் நிறுத்துகிறோம், என்ன கேட்கிறோம் என்பதையெல்லாம் எடுத்துக்கொள்வார்களாம். தேவைப்பட்டால் கூட்டாளிகளுக்குக் கொடுப்பார்களாம். யார் அந்தக் கூட்டாளிகள் என்று எழுதியிருக்கவில்லை. எதையும் மறைத்துச் செய்யவில்லை. என்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்திருக்கிறார்கள்.

நம் விருப்பத்துக்கேற்ற விளம்பரம் என்று ஒரு பட்டன் இருந்தது. அணைத்தேன். இதனால் விளம்பரங்கள் குறையாது, பொருத்தமில்லாதவை வரக்கூடும் என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. பார்த்தவற்றின் வரலாறு என்று இருந்ததை அழித்தேன். குரல் பதிவுகள் என்று இன்னொன்று இருந்தது. அதைத் திறந்தேன். மைக் பட்டனை அழுத்தி நாங்கள் பேசியதெல்லாம், நாள்வாரியாக, எங்கள் குரலிலேயே இருந்தது. ஒன்றை அழுத்தினேன். என் மனைவியின் குரல். பின்னணியில் குக்கர் விசில். வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகல் நேரத்தில் பேசியிருக்கிறாள்.

"வெண்புள்ளி இருக்கற பொண்ணுக்குக் கல்யாணம் நடக்குமா?"

டாக்டரிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த டிவியிடம் கேட்டிருக்கிறாள். நான் அதைப் போட்டுக் கேட்டபோது அவள் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். "அழிங்க" என்றாள். எல்லாவற்றையும் அழித்தேன். அழிக்கப்பட்டது என்று திரை சொன்னது. அது எங்கிருந்து அழிந்தது, இன்னும் எங்கெல்லாம் இருக்கிறது என்பதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

மாலை ஐந்து மணிவாக்கில் மனைவி தன் போனில் தங்கையோடு பேசி முடித்துவிட்டு, கோலம் பார்க்கலாம் என்று ஒரு வீடியோவைத் திறந்தாள். திறந்த உடனே போனை என்னிடம் நீட்டினாள். பட்டுப்புடவைப் பெண் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். அந்தப் போனில் ஒருநாளும் நாங்கள் இதைத் தேடியதில்லை. நான் போட்ட விதியை அவள் மீறியதே இல்லை. ஒரே வைஃபை என்பதால் இருக்கலாம், ஒரே கணக்கு என்பதால் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. என் மகளின் முழங்கை இப்போது எந்தெந்தக் கணினியில் எந்தப் பெயரில் இருக்கிறதோ, அங்கேயே இருக்கும். அவள் ஊர் மாறினாலும், வேலை மாறினாலும், யார் வீட்டுக்கு மருமகளாகப் போனாலும், அந்த வீட்டு டிவி ஒருநாள் அவளைக் கண்டுபிடித்து அதே கேள்வியைக் கேட்கும்.

மகள் அதுவரை என்னோடு பேசவில்லை. கோபமாக இருந்ததாகவும் சொல்ல முடியாது. விருந்தாளிகள் குடித்த டம்ளர்களைக் கழுவித் துடைத்து அலமாரியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்றேன்.

"அது மெஷின்பா. அதுகிட்ட போய் நான் என்ன கோவிச்சுக்கிறது? எனக்கு முன்னால அது சொல்லிடுச்சு. சரி, அப்பவும் நான் சொல்லியிருப்பேன். நீங்க ஏம்பா..."

முடிக்கவில்லை. பிறகு அடுத்த டம்ளரை எடுத்தாள்.

அன்று டைரியில் வந்தவர்களின் எண்ணிக்கையையும் வந்த, போன நேரத்தையும் மட்டும் எழுதினேன். மற்றதை எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

மறுநாள் திங்கட்கிழமை. நான் எழுந்தபோது மகள் ஏற்கனவே குளித்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுடைய நம்பர் வேண்டும் என்றாள். தரகர் அனுப்பிய ஜாதகக் குறிப்பின் கீழே இருந்தது. கொடுத்தேன்.

"நீங்க சொன்னது பொய்னு ஆயிடும்பா. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். ஏழு மணி ஆகட்டும், அதற்கு முன் கூப்பிட்டால் பயந்துவிடுவார்கள் என்று சொன்னேன். ஏழு ஆகும்வரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் அழைத்தாள். நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

அந்த வாரம் முழுவதும் சொல்லிப் பார்த்ததை ஒரு திக்கல் இல்லாமல் சொன்னாள். நேற்று டிவியில் வந்தது பக்கத்து வீட்டம்மாவுக்கு அல்ல, தனக்கு என்றாள். எப்போது தோன்றியது, எங்கே இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார், பரவலாம் என்பது உட்பட எதையும் விடவில்லை. இதை உங்கள் மகனிடம் நேரில் சொல்லத்தான் இருந்தேன், அதற்குள் இப்படி ஆகிவிட்டது, அப்பா பதற்றத்தில் வேறு மாதிரி சொல்லிவிட்டார் என்றாள். நான் அதுவரை அந்த வார்த்தைகளைக் கேட்டதில்லை. நல்ல வார்த்தைகள். மாடியில் அந்தப் பையன் கேட்டிருந்தால் குறைந்தது யோசித்திருப்பான் என்று இன்றும் நம்புகிறேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சமையலறையில் இருந்திருப்பார் போலிருக்கிறது.

"தெரியும்மா. நேத்தே டிவியில பார்த்துட்டமே. வண்டியில போகும்போதே இது சரிப்படாதுன்னு பேசிக்கிட்டோம். அவனும் அதையேதான் சொன்னான். நீ எதுக்கும்மா காலங்காத்தால சிரமப்பட்டுக்கிட்டு? ஆபீசுக்குக் கிளம்பலயா?"

"கிளம்பணும் ஆன்ட்டி."

"சரிம்மா. பார்த்துப் போ."

மகள் போனை அணைத்து சார்ஜில் போட்டாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பையில் வைத்தாள். நான் ஸ்கூட்டரை வெளியே எடுத்தேன்.